தொலைக்காட்சித் தொடர்களில் துணைப் பாத்திரங்கள் ஒதுக்கப்படுதல்

தமிழ்த் தொலைக்காட்சி நாள் தொடர்களில் தொடக்கத்தில் முக்கியத்துவத்துடன் அறிமுகமாகும் துணைப் பாத்திரங்கள் சில மாதங்களில் வசனத்தை இழந்து, பின்னர் காட்சியை இழந்து, இறுதியில் எவரும் நினைவுகூராத நிலையை அடைவதுண்டு. கதாநாயகியின் தோழி, கணவனின் தம்பி, வீட்டு வேலை செய்யும் பெண், கடையில் உடன் உழைக்கும் பணியாளர், முதிய பாட்டி ஆகியோர் இவ்வாறு ஒதுக்கப்படுவோரில் முதன்மையானவர்கள். எழுத்தாளரின் மறதி என்று மட்டும் இதைச் சொல்லிவிட முடியாது. நாள் தொடர் தயாரிக்கப்படும் முறையிலேயே இதற்கான காரணங்கள் உள்ளன. அக்காரணங்களையும், ஒதுக்கலால் கதைக்கும் பார்வையாளருக்கும் நேரும் இழப்பையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

துணைப் பாத்திரத்தின் பணி

துணைப் பாத்திரம் என்பது கதையின் மையச் சிக்கலைத் தாங்காமல், அதன் அருகில் நிற்கும் பாத்திரம். தலைமைப் பாத்திரம் மனத்தில் உள்ளதைச் சொல்ல ஒரு காது வேண்டும். தவறு செய்யும்போது தடுக்க ஒரு குரல் வேண்டும். அது வாழும் ஊரும் தொழிலும் உண்மை என்று நம்பவைக்க நாலு பேர் வேண்டும். இம்மூன்று பணிகளையும் துணைப் பாத்திரங்களே செய்கின்றன.

தமிழ் இலக்கிய மரபு இவர்களுக்கு உயர்ந்த இடம் தந்துள்ளது. தொல்காப்பியக் கற்பியல் தோழி, தாய், பார்ப்பான், பாங்கன், பாணன், பாடினி, இளையர், விருந்தினர், கூத்தர், விறலியர், அறிவர், கண்டோர் எனப் பன்னிருவரை வாயில்களாகக் குறிக்கிறது. சங்க அகப்பாடல்களில் தோழியின் கூற்றை நீக்கிவிட்டால் களவு வாழ்க்கையின் பெரும்பகுதி நமக்குத் தெரியாமலேயே போய்விடும். தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரங்களில் இன்றும் ஆடப்படும் பாரதக் கூத்தில் அரசனுக்கு நிகராக மக்கள் எதிர்பார்ப்பது கட்டியங்காரனை. கதைக்குள் இருப்பவனும் கதைக்கு வெளியே நின்று கேள்வி கேட்பவனும் அவனே.

சிலப்பதிகாரம் இன்னொரு பாடத்தைத் தருகிறது. மதுரையில் கண்ணகிக்கு அடைக்கலம் தந்த மாதரியும், வழித்துணையாக வந்த கவுந்தியடிகளும், புகாரில் தங்கிவிட்ட மாதவியும் மதுரை எரிந்த பிறகு கதையின் மையத்தில் இல்லை. ஆயினும் வஞ்சிக் காண்டத்து நீர்ப்படைக் காதையில் மாடலன் செங்குட்டுவனிடம் ஒவ்வொருவரின் முடிவையும் சொல்கிறான்: மாதரி தீயில் புகுந்தாள், கவுந்தி உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்தார், மாதவி துறவு பூண்டாள். கதை யாரை அழைத்து வந்ததோ அவருக்குக் கணக்குச் சொல்லி முடிக்கிறது. துணைப் பாத்திரம் காட்சியிலிருந்து விலகுவதில் தவறில்லை. கணக்குச் சொல்லாமல் விலக்கப்படுவதே குறை. நாள் தொடர்களையும் இந்த அளவுகோலால் மதிப்பிடலாம்.

வாரத் தொடரும் நாள் தொடரும்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கப்பட்டது. தூர்தர்ஷன் காலத்தில் பல தொடர்கள் வாரம் ஒன்றாக 13 பகுதிகளில் முடிந்தன. முடிவு முன்கூட்டியே தெரிந்திருந்ததால் எந்தப் பாத்திரம் எத்தனை பகுதிகளில் வரும் என்பதை எழுதத் தொடங்கும்போதே வகுக்க முடிந்தது. 1990களின் பிற்பகுதியில் இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய மர்மதேசம் வரிசையின் ‘விடாது கருப்பு’ வாரத் தொடருக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. கிராமத்தில் உள்ள எவரும் குற்றவாளியாக இருக்கக்கூடும் என்ற நிலையில், ஒவ்வொரு துணைப் பாத்திரத்தையும் பார்வையாளர் கூர்ந்து கவனித்தே ஆக வேண்டியிருந்தது.

1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி தொடங்கிய பின், 1999 இறுதியில் தொடங்கி 2001 வரை ஒளிபரப்பான ராதிகாவின் ‘சித்தி’ இரவு நேர நாள் தொடருக்குப் பெரும் சந்தையை உருவாக்கியது. அதன்பின் தொடர்களின் நீளம் பெருகியது. 2003 முதல் 2009 வரை வந்த ‘கோலங்கள்’ 1,500 பகுதிகளைக் கடந்தது. 2014இல் தொடங்கிய ‘சந்திரலேகா’ 2022 வரை நீண்டு 2,000 பகுதிகளைத் தாண்டியது. முடிவு எப்போது வரும் என்று தெரியாத கதையில், எந்தத் துணைப் பாத்திரத்துக்கும் எழுதி வைத்த பாதை இருப்பதில்லை.

ஒதுக்கப்படும் முறைகள்

நாள் தொடர்களில் துணைப் பாத்திரங்கள் பெரும்பாலும் நான்கு வழிகளில் ஒதுக்கப்படுகின்றன.

முதலாவது, வெளியூர் அனுப்புதல். படிக்க, வேலைக்கு, பிள்ளைப்பேற்றுக்கு என ஒரு காரணம் சொல்லப்படும். தொடக்கத்தில் தொலைபேசி உரையாடலில் பெயர் வரும். பிறகு அதுவும் நிற்கும்.

இரண்டாவது, கூடத்தில் நிறுத்துதல். வீட்டின் நடுக்கூடத்தில் சண்டை நடக்கும்போது பத்துப் பேர் சுற்றி நிற்பார்கள். கேமரா ஒவ்வொரு முகத்துக்கும் சென்று அதிர்ச்சியைக் காட்டித் திரும்பும். பாத்திரம் காட்சியில் இருக்கிறது. ஆனால் அதற்கு வசனமும் இல்லை, முடிவெடுக்கும் உரிமையும் இல்லை.

மூன்றாவது, இறப்பு. கதைக்குத் தேவையான இறப்பு வேறு. கால்ஷீட் சிக்கலைத் தீர்க்கும் இறப்பு வேறு. இரண்டாவது வகையில், மாலையிட்ட படம் சுவரில் ஏறியதும் துயரம் ஒரே வாரத்தில் முடிந்துவிடும்.

நான்காவது, ‘இவருக்குப் பதில் இவர்’ என்ற அறிவிப்பு. இங்கே பாத்திரம் தொடர்கிறது, நடிகர் மட்டும் மாறுகிறார். புதியவர் பழைய நடிகர் உருவாக்கிய பேச்சையும் உடல்மொழியையும் தொடர முடியாத நிலையில், எழுத்தாளர்கள் அப்பாத்திரத்தின் எடையைக் குறைத்துவிடுவதுண்டு. எனினும் இது எப்போதும் இழப்பாக முடிவதில்லை. ‘பாக்கியலட்சுமி’யில் ராதிகா வேடத்திலிருந்து ஜெனிஃபர் விலகியபின் ரேஷ்மா பசுபுலேட்டி நடித்தார், அப்பாத்திரம் அதன் பின்னும் கதையின் முதன்மைப் பாத்திரங்களுள் ஒன்றாகவே இருந்தது. எழுத்து உறுதியாக இருந்தால் முகம் மாறினாலும் பாத்திரம் நிற்கும் என்பதற்கு இது சான்று.

காரணங்கள்

நேரக் கணக்கு: 1994ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகளின்படி ஒரு மணி நேரத்தில் விளம்பரம் 12 நிமிடங்களுக்கு மேற்படக் கூடாது. அரைமணி நேரத் தொடருக்கு 24 நிமிடம் எஞ்சுகிறது. தலைப்புப் பாடல், முந்தைய நாள் சுருக்கம், மறுநாள் முன்னோட்டம் ஆகியவை போகக் கதைக்கு ஏறக்குறைய 20 நிமிடமே கிடைக்கும். வாரம் ஆறு நாள் என்றால் 120 நிமிடம். அதாவது வாரந்தோறும் ஒரு திரைப்படத்தின் அளவுக்கு எழுதிப் படமாக்க வேண்டும். இந்த ஓட்டத்தில் எழுத்தாளரின் கை முதலில் தலைமைப் பாத்திரத்தின் சிக்கலுக்கே போகிறது.

மதிப்பெண் கணக்கு: முன்னர் டாம் நிறுவனமும், 2015 முதல் பார்க் அமைப்பும் பார்வையாளர் அளவீட்டை வாரந்தோறும் வெளியிட்டு வருகின்றன. டிஆர்பி எனப்படும் இந்த எண் எந்தத் தொடர் எவ்வளவு பார்க்கப்பட்டது என்பதைச் சொல்லும். ஒரு பாட்டியின் ஒற்றைக் காட்சி பார்வையாளர் மனத்தில் எத்தனை நாள் தங்கியது என்பதை அது சொல்லாது. எண் குறைந்த வாரத்தில் கிளைக்கதை வெட்டப்படுகிறது. மையச் சண்டை நீட்டப்படுகிறது.

பணக் கணக்கு: துணை நடிகர்களுக்குப் பெரும்பாலும் நாள் கணக்கில் ஊதியம். ஒரு காட்சியில் ஆறு பேருக்குப் பதில் மூன்று பேர் இருந்தால் அன்றைய செலவு குறையும். சன் டிவியில் நீண்ட காலம் தயாரிப்பாளர்கள் ஒளிபரப்புக் கட்டணம் செலுத்தி நேரத்தைப் பெற்று, விளம்பர நேரத்தை விற்றுத் தொடரை நடத்தினர். அம்முறையில் படப்பிடிப்பு நாளின் ஒவ்வொரு செலவும் தயாரிப்பாளரின் கையைக் கடித்தது.

கால்ஷீட்: துணை நடிகர் ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று தொடர்களில் நடித்தால்தான் அவருக்கு வாழ்க்கை நடக்கும். வேறு படப்பிடிப்பில் இருக்கும் நாளில் அவருடைய காட்சி இன்னொருவருக்கு மாறுகிறது. நாளடைவில் அப்பாத்திரம் செய்ய வேண்டியதை வேறொரு பாத்திரம் செய்யத் தொடங்குகிறது.

எழுத்தாளர் மாற்றம்: கதை, திரைக்கதை, வசனம் ஆகியவற்றைத் தனித்தனி ஆட்கள் எழுதுவதும், இடையில் அவர்கள் மாறுவதும் வழக்கம். முந்தையவர் விதைத்ததைப் பிந்தையவர் அறியாமல் போகிறார். 1960 முதல் பிரிட்டனில் ஒளிபரப்பாகிவரும் ‘கொரனேஷன் ஸ்ட்ரீட்’ தொடர், பழைய கதைகளைக் குறித்துவைத்து எழுத்தாளர்களுக்கு நினைவூட்டவே தனி ஆவணக் காப்பாளரை வைத்திருந்தது. இத்தகைய பழக்கம் இங்கு வேரூன்றவில்லை.

எதிர்பாரா நெருக்கடி: 2020 மார்ச்சில் கொரோனாவால் படப்பிடிப்புகள் நின்றன. மே மாதத்தில் தமிழ்நாடு அரசு முதலில் 20 பேர், பின்னர் 60 பேர் என்ற வரம்புடன் சின்னத்திரைப் படப்பிடிப்பை அனுமதித்தது. ஆள் குறைந்தபோது கூட்டக் காட்சிகள் போயின. கிளைக் குடும்பங்கள் மறைந்தன. பல வேடங்களில் நடிகர்கள் மாறினர். ‘சித்தி 2’ தொடரில் பொன்வண்ணன் ஏற்றிருந்த வேடத்தில் நிழல்கள் ரவி நடித்தார்.

இக்காரணங்கள் தமிழுக்கு மட்டும் உரியவை அல்ல. அமெரிக்காவில் 1974இல் தொடங்கிய ‘ஹேப்பி டேஸ்’ தொடரில் மூத்த மகன் சக், இரண்டாம் பருவத்துக்குப் பின் எந்த விளக்கமும் இல்லாமல் மறைந்தான். 1989இல் தொடங்கிய ‘ஃபேமிலி மேட்டர்ஸ்’ தொடரில் பக்கத்து வீட்டுப் பையனாக வந்த ஸ்டீவ் அர்க்கல் தொடரையே தன்வசப்படுத்தினான். அவ்வீட்டின் இளைய மகள் ஜூடி இருந்த இடம் தெரியாமல் நீக்கப்பட்டாள். ஒரு துணைப் பாத்திரம் வளர்வதும் இன்னொன்று தேய்வதும் ஒரே தொடரில் நடக்கக்கூடும்.

மேலே ஏறிய துணைப் பாத்திரங்கள்

தமிழிலும் இவ்வாறு ஏறியவர்கள் உண்டு. ‘தெய்வமகள்’ தொடரில் கதாநாயகி சத்யாவுக்கு எதிராக நின்ற காயத்ரி, ‘அண்ணியார்’ என்ற பெயரில் வீடுதோறும் பேசப்பட்டார். அவ்வேடத்தில் நடித்த ரேகா கிருஷ்ணப்பா கர்நாடகத்தைச் சேர்ந்தவர். விஜய் தொலைக்காட்சியில் 2018 முதல் 2023 வரை ஒளிபரப்பான ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ மூத்த அண்ணன் சத்தியமூர்த்தி, அண்ணி தனம் ஆகியோரின் தியாகக் கதையாகத் தொடங்கியது. ஆனால் மூன்றாவது தம்பதியான கதிர், முல்லை ஆகியோரே பார்வையாளரின் மனத்தில் முதலிடம் பிடித்தனர்.

2022 பிப்ரவரியில் தொடங்கிய திருச்செல்வத்தின் ‘எதிர்நீச்சல்’ இவ்வகையில் தனித்து ஆராயத்தக்கது. படித்த பெண் ஜனனி, ஆதி குணசேகரனின் வீட்டுக்கு மருமகளாக வருவதே தொடக்கம். ஆனால் ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி ஆகிய மூன்று மூத்த மருமகள்களும் பின்னணியாக நின்றுவிடவில்லை. படிப்பும் திறமையும் இருந்தும் அடுப்படியில் முடக்கப்பட்ட மூவருக்கும் இழந்தது என்ன, திரும்பப் பெற விரும்புவது என்ன என்று தனித்தனியாக எழுதப்பட்டது. அதனால் சமையலறைக் காட்சிகள் கூடத்துச் சண்டைகளைவிடச் சுவையாக இருந்தன. குணசேகரனாக நடித்த ஜி. மாரிமுத்து தமிழகம் முழுவதும் அறியப்பட்டார். 2023 செப்டம்பர் 8 அன்று அவர் காலமானார். பின்னர் எழுத்தாளரும் நடிகருமான வேல ராமமூர்த்தி அவ்வேடத்தை ஏற்றார். ஒரு நடிகரின் பேச்சும் நடையும் பாத்திரத்தோடு எவ்வளவு ஒன்றியிருந்தன என்பதைப் பார்வையாளர் அப்போது உணர்ந்தனர். அதே வேளையில் நான்கு மருமகள்களின் போராட்டம் வலுவாக எழுதப்பட்டிருந்ததால் தொடர் உடனே நின்றுவிடவில்லை. 2024 ஜூன் வரை ஓடியது. துணைப் பாத்திரங்களில் செய்த உழைப்பு நெருக்கடியில் தொடரைத் தாங்கியது எனலாம்.

இதற்கு முன்னோடி திருமுருகன் இயக்கிய ‘மெட்டி ஒலி’ (2002–2005). தாயில்லாத ஐந்து மகள்களை வளர்த்து மணமுடித்துக் கொடுக்கும் சிதம்பரத்தின் கதை அது. ஒவ்வொரு மகளுக்கும் ஒரு புகுந்த வீடு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மாமியார், ஒரு சிக்கல். கதை ஒரு வீட்டில் இருக்கும்போதும் மற்ற வீடுகளில் என்ன நடக்கும் என்ற கவலை சிதம்பரத்துக்கு இருந்தது. அதனால் பார்வையாளருக்கும் இருந்தது. காட்சியில் இல்லாத பாத்திரத்தை மற்றொரு பாத்திரத்தின் கவலையில் உயிருடன் வைத்திருப்பது எழுத்தாளருக்குச் செலவில்லாத உத்தி.

வேலை செய்பவரின் இடம்

ஒதுக்கலில் ஒரு சமூக ஒழுங்கும் தெரிகிறது. 2020 முதல் 2025 வரை வந்த ‘பாக்கியலட்சுமி’யில் கம்பம் மீனா நடித்த செல்வி, பாக்கியாவின் வீட்டில் வேலை செய்பவர், தோழியும் அவரே. நகைச்சுவைக்கும் அறிவுரைக்கும் அவர் பயன்பட்டார். ஆனால் செல்வியின் குடும்பம் கதையின் முன்னே வந்தது, பாக்கியாவின் மகள் இனியாவும் செல்வியின் மகன் ஆகாஷும் காதலித்த பிறகே. முதலாளியின் வீட்டைத் தொட்டால்தான் வேலைக்காரர் வீட்டுக் கதவு திறக்கும் என்ற விதி இங்கும் மாறவில்லை. ஆனாலும் கதவு திறந்தவுடன் தொடருக்கு ஒரு கடினமான கேள்வி கிடைத்தது: தோழி என்று கொண்டாடியவரைச் சம்பந்தியாக ஏற்க முடியுமா? இத்தனை வலுவான கேள்வி, ஓரமாக நின்ற ஒரு பாத்திரத்திடம் பல ஆண்டுகள் தீண்டப்படாமல் இருந்தது. துணைப் பாத்திரத்தை ஒதுக்கும்போது தொடர் இழப்பது இதைத்தான்.

எல்லைப் பகுதியின் பார்வை

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தளி, கர்நாடகத்தின் ஆனேக்கல் பகுதியை ஒட்டியது. தெலுங்கு, கன்னடம், தமிழ் மூன்றும் இங்கே புழங்கும் மொழிகள். சென்னை அலைவரிசையும் பெங்களூரு அலைவரிசையும் ஒரே ரிமோட்டில் மாறிமாறி வரும் ஊர் இது. இப்பகுதிப் பார்வையாளர் ஒரே கதையை இரண்டு மொழிகளில் காணும் வாய்ப்பு உடையவர். ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ கன்னடத்தில் ‘வரலட்சுமி ஸ்டோர்ஸ்’ என்றும், தெலுங்கில் ‘வதினம்மா’ என்றும் வந்தது. கன்னடத்தில் மொழிமாற்றுத் தொடர்களுக்கு நீண்ட காலம் எதிர்ப்பு இருந்ததால் மறுஆக்கங்களே பெருகின. மறுஆக்கத்தில் தலைமைத் தம்பதியின் கதை எழுதப்பட்ட நிலையிலேயே கைக்கு வருகிறது. பக்கத்துக் கடைக்காரர், உறவுக்காரர், ஊர்ப் பெரியவர் ஆகியோரை மட்டும் அந்தந்த மண்ணுக்கு ஏற்பப் புதிதாகப் படைக்க வேண்டும். நேரமில்லாத இடத்தில் அந்த வேலைதான் முதலில் விடுபடுகிறது.

எல்லைக்கு அப்பால் மாற்று வழியும் இருந்தது. டி. என். சீதாராம், பி. சேஷாத்ரி, நாகேந்திர ஷா ஆகியோர் இயக்கி 1998இல் தூர்தர்ஷனில் வந்த கன்னடத் தொடர் ‘மாயாம்ருக’ பல குடும்பங்களைச் சமமாகப் பின்னிய கதை. துணைப் பாத்திரங்களுக்கும் தொழில், கொள்கை, தடுமாற்றம் ஆகியவை தரப்பட்டன. நாள் தொடரிலும் பலரின் கதையைச் சொல்லலாம் என்று அது காட்டியது.

ஓசூர் வட்டாரம் இன்று ஆலைகளின் நிலம். தேன்கனிக்கோட்டை வட்டத்தில் உள்ள டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில் மட்டும் ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் பணியாற்றுகின்றனர். ஷிப்ட் முறையில் வேலை செய்வோர் இரவு ஒளிபரப்பைத் தவறவிட்டாலும், விடுதிக்குத் திரும்பிக் கைப்பேசியில் பார்த்துக்கொள்ள முடிகிறது. ஆனால் ஷிப்டுக்குச் சென்று, ஊருக்குப் பணம் அனுப்பி, விடுதியில் வாழும் பெண்ணைத் தொடரில் காண்பது அரிது. அப்படி ஒருத்தி வந்தாலும் கதாநாயகியின் அறைத்தோழியாக வந்து, கதாநாயகிக்குத் திருமணம் ஆனதும் மறைந்துவிடுகிறாள். வீட்டில் தெலுங்கும் கடைவீதியில் கன்னடமும் பள்ளியில் தமிழும் பேசும் மனிதரின் நிலையும் இதுவே. பிறமொழிச் சாயலுடன் தமிழ் பேசுபவர் தொடரில் பெரும்பாலும் சிரிப்புக்கே பயன்படுகிறார்; அவருக்கு ஒரு குடும்பமும் துயரமும் உண்டு என்று எழுதப்படுவது குறைவு.

இதனால் ஒதுக்கல் கலைக்குறையாக மட்டும் நின்றுவிடுவதில்லை. தொடரில் எவர் வழியாகப் பார்வையாளர் தம்மைக் கண்டாரோ அவரே முதலில் வெளியேற்றப்படுகிறார். எஞ்சும் பெரிய வீட்டின் சொத்துச் சண்டையைப் பார்வையாளர் விருந்தினராக நின்று பார்க்கிறார்.

மதிப்பீடு

எல்லாப் பாத்திரங்களுக்கும் சமநேரம் தர இயலாது, தரவும் வேண்டியதில்லை. 20 நிமிடக் கதைக்குள் சிலர் முன்னும் சிலர் பின்னும் நிற்கத்தான் வேண்டும். செலவும் கால்ஷீட்டும் தயாரிப்பாளருக்கு மெய்யான நெருக்கடிகளே. ஆனால் பாத்திரத்துக்குக் கணக்குச் சொல்லப் பணம் வேண்டியதில்லை. வெளியூர் போன தங்கையைப் பற்றித் தாய் சொல்லும் ஒரு வரி, இறந்த பாட்டியின் இடத்தில் எவரும் உட்காரத் தயங்கும் ஒரு காட்சி, வேலையை விட்டுப்போன பெண்ணுக்குத் தர வேண்டிய பாக்கிச் சம்பளம் பற்றிய ஒரு பேச்சு போதும். மாடலன் செய்தது அவ்வளவே. நூல் முழுமை பெற அது உதவியது.

தொடர்களை ஆராயும் மாணவர்கள் ஒரு எளிய பயிற்சியைச் செய்து பார்க்கலாம். முதல் 20 பகுதிகளில் அறிமுகமான பாத்திரங்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொருவரும் என்ன விரும்பினார் என்று எதிரே எழுத வேண்டும். ஓராண்டு கழித்து அந்த விருப்பம் நிறைவேறியதா, தோற்றதா, பேசப்படாமலே போனதா என்று குறிக்க வேண்டும். மூன்றாவது வகையில் விழுந்த பெயர்கள் எத்தனை, அவர்கள் வீட்டின் எந்தப் பக்கத்தில் நின்றவர்கள் என்று பார்த்தால், அத்தொடர் யாருடைய வாழ்க்கையைக் கதையாக மதிக்கிறது என்பது விளங்கிவிடும்.